ஒரு நாளைக்குப் பதினொரு முறை

நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் ஸ்பானிஷ் பேசும் குடும்பங்கள் ஏராளம். மருந்துக் கடையில் லேபிளை ஸ்பானிஷில் கேட்டால், கணினியே மொழிபெயர்த்து அச்சடித்துத் தந்துவிடும். 2010-ல் ‘பீடியாட்ரிக்ஸ்’ இதழில் வெளியான ஓர் ஆய்வு, அப்படி அச்சான 76 லேபிள்களை எடுத்துச் சரிபார்த்தது. பாதிக்குப் பாதி பிழை. பல லேபிள்களில் வாக்கியத்தின் தலை ஸ்பானிஷிலும் வால் ஆங்கிலத்திலும் இருந்தன. இதில் ஒரு பொல்லாத விபத்துக்கும் இடமிருந்தது. ‘ஒருமுறை’ என்பதைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் மொழிபெயர்க்கப்படாமல் அப்படியே நின்றுவிட்டால், ஆங்கிலம் தெரிந்தவர் அதை ‘ஒன்ஸ்’ என்று படிப்பார். அதே நான்கு எழுத்தை ஸ்பானிஷ் மட்டும் தெரிந்தவர் ‘ஓன்சே’ என்று படிப்பார். ஓன்சே என்றால் பதினொன்று.

ஒரு நாளைக்குப் பதினொரு முறை!

இதைப் பார்த்துக் குழம்பிய ஒரு தாய் மருந்தைக் கொடுக்காமலே விட்டுவிட்டால் மருத்துவமனைக் குறிப்பில் என்ன எழுதுவார்கள்? ‘சொன்னபடி மருந்து எடுத்துக்கொள்வதில்லை’ என்றுதான். அமெரிக்க மருத்துவத்தில் இதற்கென்றே ஒரு முத்திரை உண்டு: ‘நான்-கம்ப்ளையன்ட்’. பள்ளிக்கூடத்தில் மக்குப் பையன் என்று பெயர் வாங்கியவன் சரியாக விடை சொன்னாலும் வாத்தியார் நம்பமாட்டார் இல்லையா, அந்த மாதிரி. முத்திரை விழுந்த நோயாளி பிறகு என்ன சொன்னாலும் யார் காதிலும் ஏறாது.

மேற்சொன்ன ஆய்வு எல்லா வகை மருந்துகளின் லேபிள்களையும் பற்றியது. ஆனால் பிராங்க்ஸில் மருந்து என்ற பேச்சை எடுத்தால் அது சீக்கிரமே ஆஸ்துமாவில் வந்து நிற்கும். தென் பிராங்க்ஸின் மாட் ஹேவன், போர்ட் மாரிஸ் பகுதிகளுக்கு ‘ஆஸ்துமா சந்து’ என்றே பட்டப்பெயர். சுற்றிலும் நெடுஞ்சாலைகள், கிடங்குகள், இரவுபகலாக லாரிகள். அங்கே பள்ளிப் பையில் டிபன் பாக்ஸுக்குப் பக்கத்தில் இன்ஹேலர் இருப்பது விசேஷமே அல்ல.

அமெரிக்காவில் ஏறத்தாழ 2.5 கோடிப் பேருக்கு ஆஸ்துமா இருக்கிறது. ஆண்டுக்குச் சுமார் 3,500 பேர் அதனால் இறக்கிறார்கள். இந்தச் சாவுகள் எல்லோர் வீட்டிலும் ஒரே அளவில் விழுவதில்லை. கறுப்பின அமெரிக்கர் ஆஸ்துமாவால் இறக்கும் விகிதம் வெள்ளையரைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு. அவசர சிகிச்சைப் பிரிவுக்கு ஓடும் கணக்கில் இடைவெளி அதையும் தாண்டுகிறது. குழந்தைகளின் சாவை மட்டும் தனியே எடுத்தால் இடைவெளி இன்னும் பெரிது. ஆஸ்துமா உள்ளவர்களின் விகிதத்தைப் பார்த்தால் இரண்டு தரப்புக்கும் அவ்வளவு தூரம் இல்லை என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. ஆக, நோய் வருவதில் இருக்கும் வித்தியாசத்தைவிட, வந்த பிறகு நேர்வதில் இருக்கும் வித்தியாசம் பெரியது.

அதுவும் ஆஸ்துமா, மருந்தே இல்லாத நோய் அல்ல. மூச்சுக்குழாயின் உட்சுவர் சதா வீங்கிச் சிவந்திருக்கிறது. தூசியோ புகையோ சளிக்காய்ச்சலோ வந்து சீண்டினால் சுற்றியுள்ள தசை இறுகிக்கொள்கிறது. சளி அடைக்கிறது. நெஞ்சில் விசில் கேட்கிறது. இறுகிய தசையைச் சில நிமிடங்களில் தளர்த்த ஓர் இன்ஹேலர் உண்டு. அமெரிக்காவில் அது அல்பியூட்டரால், நம்மூரில் சால்பூட்டமால். உள்ளே இருக்கும் வீக்கத்தைத் தணிக்க வேறோர் இன்ஹேலர், ஸ்டீராய்டு கலந்தது. அது நாட்கணக்கில் மெதுவாக வேலை செய்யும். இரண்டும் பல பத்தாண்டுகளாகக் கடையில் கிடைக்கின்றன. பிறகு ஏன் இந்தச் சாவுகள் என்று கேட்டால், மருத்துவ உலகம் நெடுங்காலமாகக் கைவசம் வைத்திருந்த பதில், ‘நோயாளிகளுக்குப் போதிய விழிப்புணர்வு இல்லை’ என்பது. அந்தப் பதிலில் உண்மை கொஞ்சம் இருக்கிறது. வசதி அதைவிட அதிகமாக இருக்கிறது.

யாருக்கு எது தெரியவில்லை என்பதைக் கருவியிலிருந்தே பார்க்கத் தொடங்கலாம்.

நுரையீரல் பரிசோதனை அறை. மூக்கில் கிளிப் மாட்டியாகிவிட்டது. உதடுகள் அட்டைக்குழலை இறுக்கிப் பிடித்திருக்கின்றன. ‘நல்லா இழுங்க, இன்னும், இன்னும்... இப்ப ஊதுங்க! ஊது, ஊது, ஊது, விடாதீங்க...’ என்று டெக்னீஷியன் கபடி ஆட்டத்துக்குக் குரல் கொடுப்பவர்போலக் கத்துகிறார். நோயாளியின் முகம் சிவந்து, கண்ணில் நீர் முட்டி, கடைசிச் சொட்டுக் காற்றும் வெளியே வந்துவிடுகிறது. ஸ்பைரோமீட்டரின் திரையில் ஒரு வளைகோடு எழும்பி இறங்குகிறது. முதல் நொடியில் எத்தனை லிட்டர் காற்று வெளிவந்தது என்பதுதான் முக்கிய எண். அந்த எண் தனியாக ஒன்றும் சொல்லாது. இந்த வயதுக்கும் உயரத்துக்கும் எவ்வளவு வந்திருக்க வேண்டும் என்ற இன்னோர் எண்ணால் அதை வகுத்துச் சதவீதமாக்க வேண்டும். அதற்காகத்தான் ஊதச் சொல்லும் முன்பே டெக்னீஷியன் சில கட்டங்களை நிரப்பியிருந்தார். வயது, உயரம், ஆணா பெண்ணா, கடைசியாக இனம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒருவர் முதல் நொடியில் ஊதியது 2.9 லிட்டர். அவருடைய வயதுக்கும் உயரத்துக்கும் எதிர்பார்ப்பது 4 லிட்டர் என்று வைத்துக்கொண்டால் அவர் தேறியது சுமார் 73 சதவீதம். 80-க்குக் கீழே போனால் மூச்சில் குறை இருக்கிறது, மருந்தைக் கூட்ட வேண்டும் என்று மருத்துவர் யோசிப்பார். இப்போது இனம் என்ற கட்டத்தில் ‘கறுப்பினத்தவர்’ என்று தேர்ந்தெடுத்தால், இயந்திரம் எதிர்பார்ப்பையே 15 சதவீதம் குறைத்துக்கொள்கிறது. 4 லிட்டர் 3.4 ஆகிவிடுகிறது. அதே 2.9-ஐ இதனால் வகுத்தால் 85 சதவீதம். அறிக்கையில் ‘இயல்பு’ என்று அச்சாகும். நுரையீரல் அதேதான், ஊதிய காற்றும் அதேதான்; வகுக்கும் எண் மட்டும் மாறிவிட்டது.

அமெரிக்காவில் பல பத்தாண்டுகளாக இதுதான் நடைமுறையாக இருந்தது. கறுப்பினத்தவருக்கு 10 முதல் 15 சதவீதம் கழிவு. ஆசியருக்கு 4 முதல் 6 சதவீதம். நியூ ஜெர்சிக்கு மென்பொருள் வேலைக்குப் போன தமிழர் ஒருவர் அங்கே ஊதிப் பார்த்திருந்தால், அவருக்கும் கேட்காமலே ஒரு சின்னத் தள்ளுபடி கிடைத்திருக்கக்கூடும்.

இந்தக் கழிவு எங்கிருந்து வந்தது? ஸ்பைரோமீட்டரைச் செய்தவர் லண்டன் மருத்துவர் ஜான் ஹட்சின்சன். 1846-ல் அவர் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை ஊதவைத்த கணக்கை வெளியிட்டார். மாலுமிகள், காவலர்கள், மல்லர்கள், கனவான்கள், ஏழைகள் என்று பலதரப்பட்டவர்கள். மூச்சின் அளவு உயரத்தோடு சேர்ந்து கூடுகிறது என்பது அவர் கண்டது. இனத்தைப் பற்றி அந்தக் கருவிக்கு அப்போது எதுவும் தெரியாது. சொல்லிக்கொடுத்தது அமெரிக்கா. கறுப்பின மக்களின் நுரையீரல் அமைப்பு வேறுபட்டதாக இருக்கலாம் என்ற ஊகத்தைத் தாமஸ் ஜெபர்சன் 1780-களிலேயே வர்ஜீனியா பற்றிய தம் நூலில் எழுதியிருந்தார். லூசியானாவில் சாமுவேல் கார்ட்ரைட் என்றொரு மருத்துவர் இருந்தார். அடிமைகள் தப்பியோடுவது ஒரு மனநோய் என்று 1851-ல் அதற்குப் பெயரே சூட்டிய புண்ணியவான். அவர் ஒரு ஸ்பைரோமீட்டரை வைத்துக்கொண்டு, கறுப்பினத்தவரின் நுரையீரல் 20 சதவீதம் குறை என்று அறிவித்தார். அந்தக் குறைக்கு அவர் கண்ட வைத்தியம் வயல் வேலை. கட்டாயமாக உழைக்கவைத்தால்தான் அவர்கள் ரத்தத்தில் போதிய பிராணவாயு சேருமாம்!

உள்நாட்டுப் போருக்குப் பிறகு, 1869-ல், பெஞ்சமின் கூல்ட் என்பவர் படைவீரர்களை ஆயிரக்கணக்கில் அளந்து வெளியிட்ட புள்ளிவிவரங்களிலும் கறுப்பின வீரர்களின் மூச்சளவு குறைவாகவே இருந்தது. நேற்றுவரை அடிமையாக இருந்தவன் என்ன சாப்பிட்டான், எந்தக் குடிசையில் படுத்தான், சிறுவயதில் என்னென்ன காய்ச்சல் கண்டான் என்ற கேள்விகள் அந்த அட்டவணையில் இல்லை. அளவு குறைந்திருந்தது பொய்யல்ல. வாழ்க்கை குறைத்ததைப் பிறப்பு குறைத்ததாக எழுதிக்கொண்டார்கள். அட்டவணையிலிருந்து அட்டவணைக்குப் படியெடுத்துப் படியெடுத்து, கடைசியில் அது இயந்திரத்துக்குள் ஒரு பொத்தானாகப் போய் உட்கார்ந்துகொண்டது. அழுத்துகிற டெக்னீஷியனுக்குக் கார்ட்ரைட் யாரென்று தெரியாது. இந்த வரலாற்றைத் தோண்டியெடுத்து 2014-ல் நூலாக்கிய லண்டி பிரவுன், தாம் பேசிய மருத்துவர்களில் பலருக்கு அப்படி ஒரு கழிவு நடக்கிறதென்பதே தெரிந்திருக்கவில்லை என்கிறார்.

1999-ல் பால்டிமோரில் இது பண விவகாரமாகவும் ஆனது. ஆஸ்பெஸ்டாஸ் தூசியால் நுரையீரல் கெட்ட தொழிலாளர்கள் இழப்பீடு கேட்டு வழக்குப் போட்டார்கள். கறுப்பினத் தொழிலாளிக்கு மூச்சு இயல்பாகவே குறைவு என்பதால், வெள்ளையரைவிடக் கூடுதலாகக் கெட்டிருந்தால்தான் அவருடைய வழக்கை எடுத்துக்கொள்ள வேண்டும் என்று எதிர்த்தரப்பு நிறுவனம் வாதாடிப் பார்த்தது.

கட்டத்தை எடுத்துவிடலாம் என்று அமெரிக்க மார்பு நோய் மருத்துவர் சங்கம் பரிந்துரைத்தது 2023-ல். எல்லோருக்கும் ஒரே சமன்பாடு. அதன் விளைவு எத்தனை பெரிது என்பதை அடுத்த ஆண்டு ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் வந்த கணக்கு காட்டியது. அமெரிக்காவில் மட்டும் 1.25 கோடிப் பேருடைய மூச்சுக்குறையின் வகைப்பாடு இதனால் மாறலாம். எல்லாம் நன்மைக்கே என்றும் சொல்லிவிட முடியாது. எண் இறங்கினால் மருந்தும் உதவித்தொகையும் கிடைக்கும். அதே எண்ணைக் காட்டி நுரையீரல் புற்றுநோய்க்காரருக்கு அறுவைசிகிச்சை வேண்டாம் என்றும், தீயணைப்பு வேலைக்கு வந்தவரைத் தகுதியில்லை என்றும் திருப்பி அனுப்பவும் முடியும். ஒன்றரை நூற்றாண்டுத் தவற்றைத் திருத்துவது மென்பொருளில் ஒரு வரியை அழிப்பதோடு முடிந்துவிடவில்லை.

விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவியின் கதையும் இதையொட்டியதுதான். கோவிட் காலத்தில் நம்மில் பலரும் வீட்டில் வாங்கி வைத்த அதே குட்டிப் பெட்டி. 2020-ல் மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவர்கள் அதன் எண்ணை ரத்தப் பரிசோதனை எண்ணோடு ஒப்பிட்டார்கள். கருவி 92 முதல் 96 வரை காட்டி எல்லாம் நலம் என்று சொன்னபோதும் உண்மையில் ஆக்சிஜன் ஆபத்தான அளவுக்கு இறங்கியிருந்தது, வெள்ளையரில் 3.6 சதவீத அளவீடுகளில், கறுப்பினத்தவரில் 11.7 சதவீதத்தில். தோலின் நிறமி ஒளியை விழுங்குவதால் வரும் பிசகு இது. மூச்சுத் திணறி அவசரப் பிரிவுக்கு வந்தவரிடம் ‘உங்களுக்கு ஒன்றுமில்லை, வீட்டுக்குப் போகலாம்’ என்று சொல்லவைக்கும் பிசகும்கூட.

அப்படியானால் இனம், பரம்பரை எல்லாமே கட்டுக்கதையா? அங்கேயும் நிதானம் வேண்டும். ‘ஹிஸ்பானிக்’ என்று ஒரே கட்டத்தில் போடப்படுகிறவர்களில், போர்ட்டோ ரீக்கோ வழிவந்தவர்களுக்குத்தான் அமெரிக்காவிலேயே அதிகமாக ஆஸ்துமா வருகிறது. ஏறத்தாழ ஏழு பேரில் ஒருவருக்கு. மெக்சிகோ வழிவந்தவர்களிடம் அதில் பாதிகூட இல்லை. சான் பிரான்சிஸ்கோவைச் சேர்ந்த எஸ்டபன் பர்ச்சார்ட் குழு 2004-ல் வெளியிட்ட ஆய்வில், அல்பியூட்டரால் போர்ட்டோ ரீக்கோ நோயாளிகளிடம் மெக்சிகோ நோயாளிகளிடம் செய்ததைவிடக் குறைவாகவே வேலை செய்தது. ஒரே மொழி பேசுகிறார்கள், ஒரே கட்டத்தில் அடைக்கப்படுகிறார்கள், ஆனால் ஆஸ்துமாவில் இரண்டு எதிர்முனைகளில் நிற்கிறார்கள். முன்னோர் வழி வரும் வேறுபாடுகளை ஆராய்வது ஒன்று, விண்ணப்பப் படிவத்தின் ஒரு கட்டத்தை நுரையீரலின் அளவுகோலாக்குவது வேறு. மருத்துவம் செய்துவந்தது இரண்டாவதைத்தான்.

இனி வீட்டுக்குள் போகலாம்.

1990-களில் அமெரிக்காவின் பெருநகரங்களில், ஏழைகள் வாழும் உட்பகுதிகளில், ஆஸ்துமா உள்ள 476 குழந்தைகளுக்குத் தோல் பரிசோதனை செய்தார்கள். அவர்களுடைய படுக்கையறைத் தூசியையும் உறிஞ்சியெடுத்துச் சோதித்தார்கள். 1997-ல் முடிவு வந்தபோது குற்றவாளிக் கூண்டில் நின்றது கரப்பான் பூச்சி. அதன் எச்சம், எச்சில், உதிர்ந்த ஓடு ஆகியவற்றின் புரதம் பாதி வீடுகளின் படுக்கையறையில் மிக அதிகமாக இருந்தது. 36.8 சதவீதக் குழந்தைகளுக்கு அந்தப் புரதம் ஒவ்வாமை. ஒவ்வாமையும் இருந்து, அறையிலும் அது மண்டிக்கிடந்தால், அந்தக் குழந்தை மருத்துவமனையில் சேர்க்கப்படும் விகிதம் மற்றவர்களைப்போல 3.4 மடங்கு. பூனையும் தூசிப்பூச்சியும் இந்த அளவுக்கு வில்லத்தனம் செய்யவில்லை.

‘வீட்டைச் சுத்தமாக வைத்துக்கொள்ளுங்கள்’ என்று துண்டுப்பிரசுரம் அடிப்பது எளிது. அடுக்குமாடிக் குடியிருப்பில் கரப்பான் யாருடைய சமையலறைக்குச் சொந்தம்? பாத்திரம் கழுவும் தொட்டியின் கீழே, சுவரைத் துளைத்துக்கொண்டு போகும் குழாயைச் சுற்றி விரலளவு சந்து இருக்கும். பக்கத்து வீட்டில் மருந்தடித்தால் அத்தனையும் அந்தச் சந்து வழியாக இந்த வீட்டுக்குக் குடிவரும். இங்கே அடித்தால் அங்கே திரும்பும். சந்தை அடைக்க வேண்டியவர் வீட்டுக்காரர். அவர் ஆறு மாதமாகத் தொலைபேசியை எடுப்பதில்லை. போதாக்குறைக்கு, புகைபோல அடிக்கும் பூச்சிமருந்தே குழந்தைக்கு இழுப்பைக் கொண்டுவந்துவிடும்.

இந்தக் கட்டடங்களில் இந்த மக்கள் எப்படி வந்து சேர்ந்தார்கள் என்பதற்கும் ஆவணம் இருக்கிறது. 1930-களில் அமெரிக்க அரசின் வீட்டுக்கடன் நிறுவனம் இருநூறுக்கும் மேற்பட்ட நகரங்களுக்கு வரைபடம் தயாரித்தது. கடனைத் தைரியமாகக் கொடுக்கலாம் என்ற தெருக்களுக்குப் பச்சை, கொடுக்கவே கூடாதவற்றுக்குச் சிவப்பு. கறுப்பினத்தவர் வாழ்ந்த தெருக்கள் பெரும்பாலும் சிவப்பில் விழுந்தன. கடன் போகாத இடத்துக்கு நெடுஞ்சாலையும் தொழிற்சாலையும் போயின. அந்த வண்ணப் பென்சிலின் கோடு இன்னும் அழியவில்லை. கலிபோர்னியாவின் எட்டு நகரங்களில் பழைய வரைபடத்தை மருத்துவமனைக் கணக்கோடு பொருத்திப் பார்த்த ஆய்வு 2020-ல் வந்தது. அன்று சிவப்படிக்கப்பட்ட பகுதிகளில் இன்று ஆஸ்துமாவுக்காக அவசரப் பிரிவுக்குப் போகும் விகிதம் பச்சைப் பகுதிகளைப்போல 2.4 மடங்கு.

இடத்தை மாற்றினால் மூச்சு மாறுமா? பால்டிமோரில் இதைச் சோதிக்க ஒரு வாய்ப்பு அமைந்தது. வீட்டுப் பாகுபாட்டை எதிர்த்துத் தொடுக்கப்பட்ட வழக்கிலிருந்து பிறந்த ஒரு திட்டம், குடும்பங்களுக்கு வாடகை உதவிச் சீட்டும் வழிகாட்டுதலும் தந்து, வறுமை குறைந்த பகுதிகளுக்குக் குடிபெயர உதவியது. அதில் சேர்ந்த குடும்பங்களைச் சார்ந்த, ஆஸ்துமா உள்ள 123 குழந்தைகளை ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் தொடர்ந்து கவனித்தார்கள். குடிபெயரும் முன் ஒரு குழந்தைக்கு ஆண்டுக்குச் சராசரியாக 0.88 முறை கடும் இழுப்பு வந்தது. பெயர்ந்த பின் 0.40. இரண்டு வாரத்தில் ஐந்து நாள் இருமித் திணறிய பிள்ளைகளுக்கு அது மூன்று நாளுக்கும் கீழே வந்தது. 2023-ல் இதை வெளியிட்டபோது ஆய்வாளர்கள் சொன்ன ஒப்பீடு, ஸ்டீராய்டு இன்ஹேலர் தரும் பலனுக்கு இது நிகர் என்பது. எலியும் தூசியும் குறைந்ததால்தான் என்று எதிர்பார்த்தவர்களுக்கு ஒரு வியப்பும் காத்திருந்தது. பலனில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மன அழுத்தம் குறைந்ததோடு தொடர்புடையதாகத் தெரிந்தது. பயமில்லாமல் தெருவில் நடக்க முடிவதும் மூச்சுக்குழாய்க்கு ஒரு மருந்தாக இருந்திருக்கிறது!

இவ்வளவும் சொன்ன பிறகு, நோயாளிக்குக் கற்பிக்க வேண்டியதே இல்லை என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. இருக்கிறது, நிறையவே இருக்கிறது.

இன்ஹேலர் பார்க்க எளிது. 1950-களின் நடுவில், ஆஸ்துமா மருந்தைத் தலைமுடி ஸ்பிரே மாதிரி ஒரு டப்பாவில் அடைக்கக் கூடாதா என்று ஒரு மருந்து நிறுவனத் தலைவரின் 13 வயது மகள் கேட்டாள். அந்தக் கேள்வியிலிருந்து பிறந்த கருவி இது. ஆனால் முடி ஓரிடத்தில் நிற்கிறது, மூச்சு நிற்பதில்லை. டப்பாவைக் குலுக்க வேண்டும். உள்ளே உள்ள மூச்சை முதலில் வெளியே விட வேண்டும். பெரும்பாலோர் மறப்பது இதைத்தான். உதட்டை இறுக்கி மூடி, மெதுவாக உள்ளிழுக்கத் தொடங்கும் அதே கணத்தில் அழுத்த வேண்டும். ஒரு கணம் முந்தினால் மருந்து நாக்கில், ஒரு கணம் பிந்தினால் தொண்டைச் சுவரில். பிறகு பத்து நொடி மூச்சை அடக்க வேண்டும். ஸ்டீராய்டு என்றால் வாய் கொப்பளித்துத் துப்ப வேண்டும். ஸ்பேசர் என்னும் பிளாஸ்டிக் குப்பியைப் பொருத்தினால் பாதிக் கஷ்டம் தீர்ந்துவிடும், யாராவது அதை எழுதிக் கொடுத்தால். நாடு நாடாக நடந்த ஆய்வுகளில் பெரும்பான்மை நோயாளிகள் ஏதாவது ஒரு படியில் தவறுகிறார்கள். சொல்லித்தர வேண்டிய மருத்துவர், செவிலியரில் பலரும் அதே படிகளில் தவறுவதாக அந்த ஆய்வுகளே பதிவு செய்திருக்கின்றன.

இதைவிடக் கடினமான பாடம், எந்த இன்ஹேலர் எதற்கு என்பது. நிவாரண இன்ஹேலரை அடித்தால் ஐந்து நிமிடத்தில் உயிர் திரும்பிவந்ததுபோல இருக்கும். ஸ்டீராய்டை அடித்தால் ஒன்றும் தெரியாது. இன்றும் தெரியாது, நாளையும் தெரியாது. கையில் காசு குறைவாக இருந்து இரண்டில் ஒன்றைத்தான் வாங்க முடியும் என்றால் எதை வாங்குவார்கள்? அமெரிக்காவில் பெரிய மருந்து நிறுவனங்கள் மூன்று, இன்ஹேலருக்காக நோயாளி கையிலிருந்து கொடுப்பதை மாதம் 35 டாலருக்கு மேல் போகாமல் வைப்பதாக அறிவித்ததே 2024-ல்தான். அதுவரை காசுக்கேற்ற முடிவை எடுத்தவர்களுக்குத்தான் ‘விழிப்புணர்வு இல்லாதவர்’ என்ற பட்டம். கறுப்பினக் குடும்பங்களில் ஸ்டீராய்டு என்ற சொல்லின் மீதே ஓர் அவநம்பிக்கை இருப்பதாக மருத்துவர்கள் குறைப்பட்டுக்கொள்வதுண்டு. கார்ட்ரைட்டின் வாரிசுகளிடமிருந்து வரும் மருந்தை ஒருமுறைக்கு இருமுறை முகர்ந்து பார்ப்பதில் அப்படி என்ன ஆச்சரியம்?

பாஸ்டனின் எலியட் இஸ்ரேல் தலைமையிலான குழு இந்த இடத்தில் ஒரு புத்திசாலித்தனம் செய்தது. நோயாளிகளின் பழக்கத்தை மாற்றப் பாடம் நடத்துவதை விட்டுவிட்டு, இருக்கிற பழக்கத்தின் மேலேயே மருந்தை ஏற்றிவிட்டால் என்ன என்று யோசித்தார்கள். அதற்கு முன்பு நோயாளிகளையே ஆலோசகர்களாக உட்காரவைத்து, ஆய்வின் திட்டத்தைப் போடச் செய்தார்கள். மிதமான, கடுமையான ஆஸ்துமா உள்ள 1,201 பேர், அத்தனை பேரும் கறுப்பினத்தவர் அல்லது லத்தீன் வழியினர். பாதிப் பேருக்குச் சொன்னது ஒரே ஒரு விதி: நிவாரண இன்ஹேலரை ஒரு பஃப் அடித்தால், கூடவே ஸ்டீராய்டிலும் ஒரு பஃப். நெபுலைசர் வைத்தால் ஐந்து பஃப். வழக்கமான மருந்து அது பாட்டுக்குத் தொடரட்டும். இதையும் ஒரே ஒரு தடவைதான் சொல்லித்தந்தார்கள். பிறகு மாதாமாதம் கேள்வித்தாள் மட்டும். 2022-ல் வந்த முடிவில், கடும் இழுப்பு மற்ற பாதிப் பேருக்கு ஆண்டுக்கு 0.82 முறை, இவர்களுக்கு 0.69 முறை. மாயாஜாலம் இல்லை, சுமார் 15 சதவீதக் குறைவு. ஆனால் புது மருந்து ஒன்றுகூடக் கண்டுபிடிக்காமல், ஓர் அமர்வில் கற்றுத்தந்த ஒரு வரியால் கிடைத்த குறைவு. பெரிய மருந்துச் சோதனைகளில் கறுப்பினத்தவரும் லத்தீன் வழியினரும் எப்போதும் சொற்பமாகவே இருந்துவந்த ஒரு துறையில், அவர்களை மட்டுமே வைத்து ஆயிரம் பேருக்கு மேல் சேர்த்ததே ஒரு செய்திதான்.

அதே பாஸ்டனில் குழந்தைகள் மருத்துவமனை 2005-ல் தொடங்கிய திட்டத்தில் ஆசிரியரே வீடு தேடிப் போனார். பெரும்பாலும் அந்தந்தச் சமூகத்தைச் சேர்ந்த, அந்தந்த மொழி பேசும் நலப் பணியாளர்கள். கையில் மெத்தைக்கும் தலையணைக்கும் போடும் நெருக்கமான நெசவு உறைகள், நுண்தூசியை வெளியே விடாத வாக்குவம் கிளீனர், கரப்பானுக்கு வைக்கும் ஜெல். சமையலறைத் தொட்டிக்குக் கீழே குனிந்து டார்ச் அடித்துப் பார்த்து, சந்தைப் படம்பிடித்து, வீட்டுக்காரருக்குக் கடிதம் எழுதவைப்பதும் அவர்கள் வேலையில் சேர்த்தி. இன்ஹேலரை நோயாளியே அடித்துக் காட்ட வேண்டும், பணியாளர் பார்ப்பார். ‘புரிந்ததா?’ என்று கேட்டால் உலகத்தில் எல்லோரும் தலையாட்டுவார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும். ஓராண்டு முடிவில், ஆஸ்துமாவுக்காக அவசரப் பிரிவுக்குப் போன குழந்தைகளின் விகிதம் 68 சதவீதமும், மருத்துவமனையில் சேர்ந்தவர்களின் விகிதம் 84.8 சதவீதமும் குறைந்திருந்தன.

கிழக்கு லண்டனில் முடிவு இப்படி இனிக்கவில்லை. தெற்காசியர் செறிந்த அந்தப் பகுதியில் நம்மவர் கடைகளும் கோயிலும் கொண்ட ஈஸ்ட் ஹாமும் அடக்கம். பிரிட்டனில் தெற்காசியர் ஆஸ்துமாவால் மருத்துவமனையில் சேரும் வாய்ப்பு வெள்ளையரைவிட அதிகம் என்பது 2005-லேயே தொகுத்துக் காட்டப்பட்டிருந்தது. தெற்காசிய நோயாளிகளுக்கும் அவர்களுடைய மருத்துவர்களுக்கும் சேர்த்தே ஒரு கல்வித் திட்டம் வகுத்து, நூற்றுக்கும் மேற்பட்ட மருத்துவ நிலையங்களில் சோதித்தார்கள். அவசரமாக மருத்துவரைத் தேடி ஓடுவது அதனால் குறையவில்லை. பாடம் நடத்தினால் போதும் என்று நம்புகிறவர்கள் எல்லோரும் படிக்க வேண்டிய ஆய்வு இது. வெற்றிபெற்ற ஆய்வுகள் மேடை ஏறுவதுபோல இந்த மாதிரி ஆய்வுகள் ஏறுவதில்லை.

தேம்ஸ் நதிக்குத் தெற்கே, லூயிஷாம் பகுதியில், சவுத் சர்க்குலர் என்னும் நெரிசல் மிகுந்த சாலையிலிருந்து முப்பது மீட்டர்கூட இல்லாத ஒரு வீட்டில் எல்லா அடூ-கிஸ்ஸி-டெப்ரா என்ற கறுப்பினச் சிறுமி வசித்தாள். மூன்று ஆண்டுக்குள் இருபத்தைந்து தடவைக்கு மேல் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு, 2013 பிப்ரவரியில் இறந்தாள். வயது ஒன்பது. தாய் ரோசமண்ட், கற்பிக்கப்படாதவர் என்று யாராலும் சொல்ல முடியாதவர். அவர் ஓர் ஆசிரியை. இன்ஹேலர் தெரியும், நெபுலைசர் தெரியும், மகளுக்குச் செயற்கைச் சுவாசம் கொடுக்கக்கூடத் தெரியும். முதல் மரண விசாரணையின் முடிவில் திருப்தியடையாமல் அவர் போராடியதில் உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. இரண்டாம் விசாரணையில், 2020 டிசம்பரில், மரண விசாரணை அதிகாரி பிலிப் பார்லோ, இறப்புக்கான காரணங்களில் ஒன்றாகக் காற்று மாசையும் எழுதினார். பிரிட்டனில் ஒரு மனிதருடைய இறப்புக் காரணத்தில் அது ஏறியது அதுவே முதல் முறை.

வாகனப் புகை ஆஸ்துமாவைத் தூண்டும் என்பதை அந்தத் தாயிடம் ஒருவரும் சொல்லியிருக்கவில்லை என்றும் பார்லோ பதிவு செய்தார். சொல்லியிருந்தால் அவர் ஏதாவது செய்திருப்பார், மகளைக் காப்பாற்றியும் இருக்கலாம். இருபத்தைந்துக்கும் மேற்பட்ட அனுமதிகள். ஒவ்வொன்றிலும் எத்தனை மருத்துவர், எத்தனை செவிலியர்! 2021 ஏப்ரலில் பார்லோ எழுதிய அறிக்கை, காற்று மாசின் கேட்டை மருத்துவரும் செவிலியரும் நோயாளிகளிடம் போதிய அளவு சொல்வதில்லை என்று குறித்தது. அரசுத் துறைகளோடு, மருத்துவர்களையும் செவிலியர்களையும் பயிற்றுவிக்கும், ஒழுங்குபடுத்தும் அமைப்புகளுக்கும் அது போனது. என்ன செய்யப் போகிறீர்கள் என்று பதில் எழுத அவர்களுக்குக் கெடு விதிக்கப்பட்டது.